எடம் பத்தல

உக்காருங்க தம்பி, உக்காருங்க. ஆளு வர்ற சீட்டுதான், ஆனா ஆளு வரல. துண்டப் போட்டு வச்சிருந்தேன், கண்டக்டர் ரெண்டு தடவ மொறைச்சிட்டுப் போயிட்டாரு. இனிமே வராது. தாராளமா உக்காருங்க. அந்தப் பைய மட்டும் எம் மடியில குடுத்துருங்க. பாத்து, உள்ள டம்ளர் இருக்கு.

எதுவரைக்கும்? திருமங்கலமா? நானும் அங்கதான். பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல பாத்திரக் கடை. எவர்சில்வர், பித்தளை, எல்லாம் உண்டு. வீட்ல விசேஷம்னா வாங்க, பேரு வெட்டுறதுக்குக் காசு வாங்க மாட்டேன். எங்கையாலயே வெட்டித் தருவேன்.

ஒரு ஒத்தாசை தம்பி. உங்க போன்ல ஒரு கால் பேசிக்கலாமா? இப்ப வேணாம், காரியாபட்டி தாண்டட்டும். எம் போன் அணைஞ்சு போச்சு. சார்ஜ் போடத் தெரியாதுன்னு இல்ல, அதெல்லாம் எம் பொண்டாட்டிதான் போடுவா. ராத்திரி போட்டு, காலைல எம் தலைமாட்டுல கொண்டாந்து வச்சிருவா. நேத்து போடல. மறந்துட்டான்னு நெனச்சேன், வேணும்னேதான் போடலன்னு இப்பத் தோணுது. வீட்டுச் சாவி அவ இடுப்புல கெடக்கு. பொறப்படுற கோவத்துல நானும் கேக்கல, அவளும் குடுக்கல. அந்தச் சாவிக்காகத்தான் பேசணும். வேற ஒண்ணும் இல்ல.

எங்க போயிட்டு வர்றீங்கன்னு நீங்க கேக்கல. நானே சொல்லிருறேன், சொல்லாட்டி எனக்குக் குமட்டிக்கிட்டே வரும். சாப்பாட்டுனால இல்ல. பாத்த காட்சி அப்படி.

கருமாதி. எங்க சகலைக்கு. எம் பொண்டாட்டி கூடப்பொறந்த அக்கா புருசன். பூவலிங்கம்னு பேரு. பேரச் சொன்னா அந்த ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது, மிலிட்டரின்னா நண்டு சிண்டெல்லாம் வீட்டக் காட்டும். ரொம்ப வருசம் பட்டாளத்துல இருந்துட்டு, ஹவில்தாரா வெளிய வந்து, ஊரோட ஒக்காந்துட்டாரு. நெஞ்சு வலின்னு சாஞ்சாரு, போயிட்டாரு. செத்தவர நான் கொறை சொல்லல. ஆனா அங்க நடக்குற கூத்து இருக்கே, சீ.

ஆம்பளைக அழுகுறாய்ங்க தம்பி. பொம்பளைக அழுதாச் சரி, அது மொறை. மீசை வச்ச ஆம்பளைக தூண்ல சாஞ்சுக்கிட்டுத் தேம்பித் தேம்பி அழுகுறாய்ங்க. டீக்கடைக்காரன் அழுகுறான். ரெண்டு மருமகன்களும் அழுகுறாய்ங்க, மாமனாருக்கு மருமகன் அழுது நீங்க பாத்திருக்கீங்களா? கரண்டு ரீடிங் எடுக்க வர்ற ஆளு ஒருத்தன் பக்கத்து ஊர்லருந்து வந்து அழுகுறான். என்னய்யா உனக்கு வந்துச்சுன்னு கேட்டேன். வெயில்ல போனா மோர் குடுத்து, "கொஞ்சம் ஆறிட்டுப் போங்க"ன்னு சொல்வாராம். ஒரு சொம்பு மோருக்கா இந்த அழுகை? அருவருப்பா இல்ல? எங்கப்பா செத்த அன்னிக்குக் கடைக்கு லோடு வந்துச்சு. நின்னு எறக்கி, எண்ணி, பூட்டிட்டுத்தான் ஊருக்குப் போனேன். ஒரு சொட்டு வரல. பாத்தவுக எல்லாம் என்ன மன உறுதின்னாக.

வாசல்ல பெரிய பேனரு. அதுல அவரு கையில துப்பாக்கி, பின்னாடி பனி மலை, குண்டு வெடிக்கிற மாதிரி நெருப்பு. எல்லாம் ஸ்டூடியோக்காரன் ஒட்டுன வேலை. அவரு துப்பாக்கியப் பிடிச்சதக் காட்டியும் கழுதையப் பிடிச்சதுதான் ஜாஸ்தி. ஆமா தம்பி, கோவேறு கழுதைக் கம்பெனி. ரோடு இல்லாத மலை மேல இருக்குற ஆளுகளுக்கு அரிசி, கோதுமை, மண்ணெண்ணெய் ஏத்திக்கிட்டுப் போகணும். சண்டை போட்டீங்களா சகலைன்னு நான் எத்தனையோ தடவ கேட்டிருக்கேன். "போட்டவங்களுக்குச் சோறு கொண்டு போனேன் சகலை"ம்பாரு. சொல்லிட்டுச் சிரிப்பாரு. அது ஒரு பெருமைன்னு சிரிப்பு வேற.

அதுவும் பரவாயில்ல. நாட்டுக்கு உழைச்சாரு, ஒத்துக்கிடுறேன். வீட்ல அவரு இருந்த இருப்பு இருக்கே, அதத்தான் என்னால சகிக்க முடியல.

எங்க கல்யாணத்துலதான் அவர மொதமொதப் பாத்தேன். லீவுல வந்திருந்தாரு. நல்ல ஒசரம், ஒட்ட வெட்டுன முடி, பாத்தா பயமாத்தான் இருந்துச்சு. பந்தி நடக்குது. நான் மாப்பிள்ள, எனக்கு எல விரிச்சாச்சு. அவரு பக்கத்துல உக்காராம நின்னுக்கிட்டு, "நீங்க சாப்பிட்டீங்களா?"ன்னு கேக்குறாரு. யாரக் கேக்குறாருன்னு திரும்பிப் பாத்தேன். பின்னாடி அவரு மாமியா நிக்குதோன்னு நெனச்சேன். இல்ல. பொண்டாட்டியக் கேக்குறாரு! கட்டுன பொண்டாட்டிய! தங்கமாரின்னு பேரு, எனக்கு மதினி மொறை. அந்தம்மாவும் கூச்சமில்லாம, "இன்னும் இல்லங்க"ங்குது. "அப்ப நீங்க உக்காருங்க, நான் பரிமாறுறேன்"னு வாளியத் தூக்கிட்டாரு.

கோயம்புத்தூர் பக்கம்னா சரி. அங்க தொட்டில்ல கெடக்குற புள்ளைக்கும் 'ங்க' போடுவாக. எங்க பக்கத்துல? புருசன் பொண்டாட்டிய ஏய்னு கூப்பிடுவான், இந்தான்னு கூப்பிடுவான், நல்ல மனநெலையில இருந்தா புள்ளைன்னு கூப்பிடுவான். அதுலதான ஒரு ஒட்டுதல் இருக்கு? வாங்க, போங்கன்னா என்ன பொண்டாட்டியா, பேங்க் மேனேஜரா?

அதோட விட்டாரா? பரிமாறிக்கிட்டே எங்கிட்ட வந்தாரு. எம் பக்கத்துல இவ. புதுப் பொண்ணு, தலையக் குனிஞ்சு உக்காந்திருக்கா. அவளப் பாத்து, "செண்பகம், நீங்க ஏன் ஒண்ணும் சாப்பிடல? அப்பளம் வைக்கட்டுங்களா?"ன்னாரு. இவளும் பின்னாடி திரும்பிப் பாத்தா தம்பி. யாரோ பெரியவுகளக் கேக்குறாருன்னு. ஒருத்தரும் இல்லைன்னதும் அவரப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சா. அந்த மாதிரிச் சிரிப்ப நான் அதுக்கப்புறம் அவகிட்டப் பாக்கல. அது வேற விசயம்.

அன்னிக்குப் பிடிச்சது எனக்குப் பீடை. சகலைங்கிற மொறையே கேடு கெட்ட மொறை தம்பி. ரெண்டு பேரும் ஒரே வீட்டுல பொண்ணெடுத்த பாவத்துக்கு, காலம் பூரா ஒரே தராசுல ரெண்டு தட்டுலயும் உக்காந்திருக்கணும். அவரு லீவுல வந்தா பொண்டாட்டி சேலையத் தொவைப்பாரு. வீட்டுக்குள்ள இல்ல, தெருக் குழாயில! தொவைச்சுப் பிழிஞ்சு, நாலு பேரு போற வர்ற எடத்துல கொடியில விரிச்சுக் காயப் போடுவாரு. பொம்பளப் புள்ளைக ரெண்டுக்கும் தலை பின்னி, ரிப்பன் கட்டி, பூ வச்சு ஸ்கூலுக்கு அனுப்புவாரு. கழுதைக்கு வாரி விட்ட கையி இல்லையா, நல்லாத்தான் பின்னுவாரு. மதினிக்கு மஞ்சக்காமாலை வந்து கெடந்தப்ப இவரு கஞ்சி காச்சி, ஊட்டி, எல்லாம் எடுத்துப் போட்டிருக்காரு. எல்லாம்னா எல்லாம்தான். அத மதினியே ஊர் பூராச் சொல்லிக்கிட்டு அலைஞ்சுச்சு. எனக்குக் கேக்கவே அசிங்கமா இருந்துச்சு, எந்திரிச்சு வந்துட்டேன்.

நானும் எம் பொண்டாட்டிய நல்லாத்தான் வச்சிருக்கேன். என்ன கொறை? ஒரு நாளும் அவ சமைச்சத நான் கொறை சொன்னதில்ல, ஒண்ணும் பேசாமச் சாப்பிட்டுட்டு எந்திரிச்சிருவேன். கடையில இருக்குற பாத்திரத்துல எது வேணும்னாலும் எடுத்துப் பொழங்கிக்கலாம், ஓட்டை ஒடிசல் இருந்தாப் போதும், விக்கிற சரக்கத் தொடக்கூடாது, அவ்வளவுதான். அவளுக்கு அம்மை போட்டப்ப அவ அம்மா வீட்ல கொண்டுபோயி விட்டுட்டு, எறங்குன பெறகு நானே போயிக் கூட்டியாந்தேன். வேற எவன் போவான்?

அவளும் வாயத் தெறந்து ஒண்ணும் சொல்ல மாட்டா. எங்க அத்தானப் பாருங்க, நீங்களும் இருக்கீங்களேன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா நான் திருப்பி நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், ஆறிப் போயிருக்கும். சொல்ல மாட்டா. அவரு வீட்டுக்குப் போயிட்டு வந்தா ரெண்டு நாளைக்கு முந்தானைய நல்லா இழுத்துச் சொருகிக்கிட்டு, நிமிந்து நடப்பா. அதத்தான் என்னால பொறுக்க முடியாது.

என்ன தம்பி? உங்களுக்கு ஏன் 'ங்க' போடுறேன்னா கேக்குறீங்க? இதென்ன கேள்வி. நீங்க யாரு எவருன்னு எனக்குத் தெரியாது. எம் மகன் வயசுதான் இருப்பீங்க, ஆனாலும் தெரியாத ஆளு. தெரியாத ஆளுக்குத்தான தம்பி மரியாதை குடுக்கணும்? தெரிஞ்ச ஆளுக்கு எதுக்கு?

காரியாபட்டி வந்துருச்சா? இன்னும் இல்லையா. சரி.

டம்ளர் கதையச் சொல்றேன் கேளுங்க. அவரு பட்டாளத்த விட்டு வந்த புதுசு. கடைக்கு வந்தாரு. ரெண்டு எவர்சில்வர் டம்ளர் எடுத்தாரு, நல்ல கனத்த டம்ளர். பேரு வெட்டணும் சகலைன்னாரு. சரி, பூவலிங்கம்னு வெட்டவா, இனிசியல் போடவான்னேன். சீட்டுல எழுதி நீட்டுறாரு. ஒண்ணுல 'தங்கமாரி அவர்கள்.' இன்னொண்ணுல 'செண்பகம் அவர்கள்.'

சீட்ட மேசையில அடிச்சு வச்சேன். கோவத்துல. கடையில கஸ்டமர் நிக்கிறாக. நான் எத்தனை டம்ளர்ல பேரு வெட்டியிருப்பேன்? கலியாணத்துக்கு வெட்டிருக்கேன், காதுகுத்துக்கு வெட்டிருக்கேன், செத்தவுக நினைவா வெட்டிருக்கேன். பொண்டாட்டி பேருக்குப் பின்னாடி அவர்கள்னு ஒருத்தனும் கேட்டதில்ல. "எதுக்கு சகலை இது?"ன்னேன். "உங்க மதினிக்கு ஒண்ணு, உங்க வீட்ல ஒண்ணு. அக்காளும் தங்கச்சியும் ஆளுக்கொண்ணு வச்சுக்கிடட்டும். தண்ணி குடிக்கிறப்பல்லாம் கண்ணுல படும்ல"ன்னாரு. எவ்வளவு கொழுப்பு பாருங்க. எம் பொண்டாட்டிக்கு இவரு மரியாதை வாங்கிக் குடுக்குறாரு, அதுவும் என் கடையில, எங்கையால!

தங்கமாரி அவர்கள்னு வெட்டிக் குடுத்தேன். அது அவரு பொண்டாட்டி, அவரு தலையெழுத்து. அடுத்தத எடுத்தேன். செண்பகம்னு வெட்டுனேன். நிறுத்திட்டேன். எடம் பத்தல சகலைன்னேன். அவரு டம்ளர வாங்கிப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு, "சரிங்க சகலை"ன்னு சொல்லிட்டு, சீட்ட மடிச்சு எடுத்துக்கிட்டு, காசக் குடுத்துட்டுப் போயிட்டாரு. ஒரு வார்த்தை தர்க்கம் பண்ணல. இப்பிடிப்பட்ட ஆளப் பட்டாளத்துல எப்படிச் சேத்தான்னு நெனச்சுக்கிட்டேன்.

இவ அந்த டம்ளரப் பூசைச் சாமான் மாதிரி வச்சிருந்தா. அதுலதான் தண்ணி, அதுலதான் காப்பி. வெளியூரு போனாலும் பையில போட்டுக்கிட்டு வருவா. சரி, கெடக்கட்டும் போன்னு நானும் விட்டுட்டேன்.

இப்பக் காலைல நடந்ததுக்கு வாரேன். காரியம் எல்லாம் முடிஞ்சு, பந்தலுக்குள்ள எல்லாரும் உக்காந்திருக்கோம். அவரு கூடப் பட்டாளத்துல இருந்தவரு ஒருத்தரு வந்திருந்தாரு, வாணியம்பாடிக்காரரு. வயசாளி, கம்பு ஊனிக்கிட்டு அவ்வளவு தூரம் வந்திருக்காரு. மருமகன் அவரப் பேசச் சொன்னான். அவரு எந்திரிச்சு ஒரு கதை சொன்னாரு.

சகலை பட்டாளத்துல சேந்த புதுசுல இந்தி ஒரு எழுத்து தெரியாதாம். ட்ரெயினிங் குடுக்குறவன் இவங்களப் பூரா 'தூ, தூ'ன்னுதான் கூப்பிடுவானாம். தூன்னா அங்கிட்டு 'நீ'ன்னு அர்த்தமாம், அதுவும் ரொம்பத் தாழ்த்திக் கூப்பிடுறது. இவரு அத மரியாதைச் சொல்லுன்னு நெனச்சுக்கிட்டு ஒரு நாள் சுபேதாரு முன்னாடி வெறைப்பா நின்னு சல்யூட் அடிச்சு, "தூ சாப்பிட்டியா"ங்கிற மாதிரி கேட்டுப்புட்டாரு! அவ்வளவுதான். துப்பாக்கியத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு மைதானத்தச் சுத்தி ஓடச் சொல்லிட்டான். பொழுது சாய ஓடி, சுருண்டு விழுந்திருக்காரு. இந்த வாணியம்பாடிக்காரருதான் தூக்கிட்டு வந்து தண்ணி குடுத்து, "அடேய், தூன்னு ஒண்ணு இருக்கு, தும்னு ஒண்ணு இருக்கு, நம்ம 'நீங்க' மாதிரி ஆப்னு ஒண்ணு இருக்கு, ஆளப் பாத்து மாத்தி மாத்திப் போடணும்"னு வெவரம் சொல்லியிருக்காரு. எவனுக்கு எதுன்னு இவருக்குப் பிடிபடல. "எதுக்கு வம்பு, நான் எல்லாத்துக்கும் பெருசாவே போட்டுர்றேன்"னு முடிவு பண்ணிட்டாராம். அன்னையிலருந்து கர்னலுக்கும் ஆப், சமையக்காரனுக்கும் ஆப், கழுதைக்கும் ஆப். மலையில பனி கொட்டுது, ஒரு கழுதை நகர மாட்டேங்குது, எல்லாரும் அடிக்கிறாக. இவரு அது காதுகிட்டப் போயி, "வாங்க, கொஞ்ச தூரந்தான், வாங்க"ன்னு தமிழ்ல கெஞ்சுனாராம். நடந்துருச்சாம். பந்தல்ல எல்லாரும் சிரிக்கிறாக, சிரிச்சுக்கிட்டே கண்ணத் தொடைக்கிறாக.

எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? இத்தனை வருசமும் நெஞ்சுல கெடந்த கல்ல எடுத்து வெளிய போட்ட மாதிரி இருந்துச்சு. அப்ப இது பாசம் இல்ல, மரியாதை இல்ல, ஒரு மண்ணும் இல்ல! இந்தி தெரியாமப் பட்ட அடி! பயம்! நான் சும்மா இருக்கலாம்ல? சத்தமாச் சொல்லிட்டேன். "அட, அப்ப நம்ம சகலை பயந்துதானா பொண்டாட்டிய வாங்க போங்கன்னாரு? கழுதைக்குப் போட்ட பழக்கத்த மதினிக்கும் போட்டுருக்காரு"ன்னேன். சிரிச்சேன். ஒருத்தரும் சிரிக்கல.

மதினி மூலையில உக்காந்திருந்துச்சு. பொட்டு இல்லாத மூஞ்சி. எந்திரிக்கக்கூட இல்ல. "ஆமா கொழுந்தனாரே, எங்கிட்டயும் சொல்லிருக்காரு. வந்த புதுசுல பழக்கதோசத்துல வந்துச்சுன்னாரு. நல்லாருக்கான்னு கேட்டாரு, நல்லாருக்குன்னேன். சரி அப்படியே இருக்கட்டுங்கன்னுட்டாரு"ன்னுச்சு. அவ்வளவுதான் சொன்னுச்சு. சொல்லிட்டு முந்தானையில மூஞ்சியப் பொத்திக்கிச்சு. மறுபடியும் ஆம்பளைக அழுக ஆரம்பிச்சுட்டாய்ங்க. சீ.

அப்பத்தான் இவ எந்திரிச்சா தம்பி. நாலு பேரு இருக்குற எடத்துல ஒரு நாளும் வாயத் தெறக்காதவ. எந்திரிச்சு நின்னு, "இந்த ஒலகத்துல என்னைய நீங்கன்னு கூப்பிட்டது எங்க அத்தான் ஒருத்தருதான். இனிமே கூப்பிட ஆளில்ல"ன்னா. கல்யாண வயசுல எனக்குப் பேரனிருக்கான். இவளுக்கு இதுவா குறை? பந்தலே எம் மூஞ்சியப் பாக்குது. எனக்கு ஒடம்பெல்லாம் புழு ஊர்ற மாதிரி இருந்துச்சு.

பைய எடுத்துக்கிட்டு வெளிய வந்து, "ஏய், கெளம்பு, பஸ் போயிரும்"னேன். வந்தா. வாசல்ல அந்தப் பேனருக்குக் கீழ நின்னா. பைக்குள்ள கைய விட்டு இந்த டம்ளர எடுத்தா. எங்கண்ணுக்கு நேரா பிடிச்சா. "எடம் இருந்துச்சு"ன்னா.

எனக்கு மொதல்ல வெளங்கல. என்னடி எடம், எந்த எடம்னேன். "இதுல எடம் இருந்துச்சு. அத்தான் எழுதிக் குடுத்த சீட்டையும் அக்கா எங்கிட்டக் காட்டிருக்கு. நான் தெனம் தண்ணி குடிக்கிறப்ப இத உருட்டிப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இன்னிக்காச்சும் வெட்டுவீங்க, நாளைக்காச்சும் வெட்டுவீங்கன்னு பாத்தேன். வெட்டுற உளி வீட்ல, வெட்டுற கையி வீட்ல"ன்னா. சொல்லிட்டு டம்ளரப் பையில போட்டு, பைய எங்கையில திணிச்சு, "நீ போ"ன்னா.

நீ போ. தம்பி, கேட்டீங்களா? நீ போ. தாலி கட்டுன நாள்லருந்து என்னங்க, இந்தாங்க, வாங்கன்னு சொன்ன வாயி. அக்கம்பக்கத்துல எவ எவளோ புருசன அவன் இவன்னு பேசுறப்ப, எம் பொண்டாட்டி அப்படி இல்லைன்னு நான் நெஞ்ச நிமித்திக்கிட்டுத் திரிஞ்சேன். பேனர்ல அந்த ஆளு துப்பாக்கியப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாரு. சீ! வாழ்ந்து கெடுத்தது பத்தாதுன்னு செத்தும் கெடுத்துட்டாரு. அக்கா கூடவே இருந்துக்கிடுறாளாம். அக்காளும் ஒத்தையா இருக்கு, நானும் ஒத்தையாத்தான் இருந்தேன்னு ஒரு பேச்சு வேற. நான் இருக்குறப்ப இவ எப்படித் தம்பி ஒத்தை?

வண்டில ஏறி உக்காந்து துண்டப் போட்டேன். வந்துருவான்னுதான். வண்டி எடுக்குற வரைக்கும் அந்த ரோட்டையே பாத்தேன்.

இருங்க, அந்த டம்ளர உங்ககிட்டக் காட்டுறேன். நீங்களே பாத்துச் சொல்லுங்க. இந்தாங்க. பாருங்க, செண்பகம். நல்ல எழுத்து இல்ல? இன்னிக்கும் அழியல. இதுக்கு மேல எங்க எடம் இருக்கு? என்ன? இந்தப் பக்கமா? ஆமா, இந்தப் பக்கம் கொஞ்சம் இருக்கு. உருட்டுறீங்க. ஆமா, சுத்தியும் இருக்கு. டம்ளர்னா சுத்தியும்தான் இருக்கும். ஆனா அழகுன்னு ஒண்ணு இருக்குல்ல, வெட்டுற ஆளுக்குத்தான் அது தெரியும். குடுங்க இங்க.

காரியாபட்டி போயிருச்சா? நான் பாக்கவே இல்லையே. சரி, அந்தப் போனக் குடுங்க. சாவி வேணும்ல. பூட்ட ஒடைக்கவா முடியும்? நம்பர் எனக்கு மனப்பாடம். ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல வாங்குனது, எந் நம்பருக்கு அடுத்த நம்பர்தான் அவளுது.

என்னன்னு பேசுறது? நீங்க வேணா பேசுறீங்களா தம்பி? ஒரு பெரியவரு சாவி கேக்குறாருன்னு சொல்லுங்க. வேணாமா? நானே பேசணுமா? எப்படி? நீங்கன்னு போட்டா? என்ன தம்பி, நீங்களும் அந்தக் கச்சியில சேந்துட்டீங்க. இந்த வயசுல, வண்டி பூரா ஆளு உக்காந்திருக்க, பொண்டாட்டிய நான் வாங்க போங்கங்கணுமா? எனக்கே வாந்தி வந்துரும். உங்கள்ட்ட எவ்வளவு நேரமா வாயி தன்னால போடுது. அவகிட்டன்னா நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிடுது. அது ஒரு மாதிரி இருக்கு தம்பி. அம்மணமா நிக்கிற மாதிரி இருக்கு.

சரி. சாவிக்காக. ஒரே ஒரு தடவ. நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கங்க.

மணி அடிக்குது.

ஹலோ. ஹலோ, கேக்குதா? வண்டிச் சத்தம். நான்... செண்பகம்ங்களா? ம், செண்பகந்தான... ஆமாங்க. நான்தாங்க. சாப்பிட்டீங்களா? ஹலோ? இல்ல, காலைலருந்து நீங்க ஒண்ணும் சாப்பிடல, அதான்... சாப்பிட்டீங்களான்னு... ஹலோ! இல்லைங்க, வைக்காதீங்க, நான்...

வச்சிட்டா.

இந்தாங்க தம்பி போனு. இல்ல, சிக்னல் எல்லாம் இருந்துச்சு. நல்லாத்தான் கேட்டுச்சு. ராங் நம்பருங்கன்னா. நான்தாங்கன்னேன். "யாருங்க நீங்க?"ன்னா. எவ்வளவு மரியாதையாக் கேக்குறா. "தெரியலைங்க, வச்சிருங்க"ன்னு சொல்லிட்டு வச்சிட்டா.

வேணாம். திருப்பிப் போட வேணாம். சாவி கெடக்கட்டும்.

காலைல 'நீ'ன்னா. அப்பவாச்சும் யாருன்னு தெரிஞ்சு சொன்னா தம்பி.